கேள்வி – பதில்: மணலில் நிற்கும் ட்ரைபாடும் அறுபத்து நான்கு ஃபிரேம்களும்

பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராக்களில் லைவ் வியூ (எடுக்குமுன் காட்சியை நேரடியாகத் திரையில் காட்டுவது) பார்த்து ஃபோகஸ் வைப்பது, பல படங்களைச் சராசரி எடுத்து ஒரே படமாக்குவது (ஃபிரேம் ஆவரேஜிங்) ஆகியவை பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஃபிரேம் ஆவரேஜிங் என்பது லாங் எக்ஸ்போஷருக்கு இன்னொரு பெயர்தானா? ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் கேமரா வைத்திருப்பவர்கள் அதை உள்ளேயே செய்கிறார்கள். என்னிடம் ஃபியூஜி ஜி.எஃப்.எக்ஸ். இருக்கிறது. என்னால் முடியுமா? — ராமநாதபுரம் வாசகர்

விளைவு பெரும்பாலும் ஒன்றுதான், போகிற வழி வேறு. லாங் எக்ஸ்போஷரில் சென்சார் ஒரே மூச்சில் 32 நொடி வெளிச்சத்தைச் சேர்க்கிறது. ஆவரேஜிங்கில் அரை நொடிப் படங்கள் அறுபத்து நான்கு எடுத்து, ஒவ்வொரு பிக்ஸலுக்கும் அந்த 64 மதிப்புகளின் சராசரியைப் போடுகிறோம். அலை இழைந்துபோகும், மேகம் இழுபடும், கல் கல்லாகவே நிற்கும். கூடுதலாகக் கிடைப்பது சுத்தமான ஷேடோ, அதாவது படத்தின் இருண்ட பகுதிகள். நாய்ஸ் என்பது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு, ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு விதமாக விழுவது. சராசரி எடுக்கும்போது அது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 4 படம் எடுத்தால் நாய்ஸ் பாதி, 16 படத்தில் கால்வாசி, 64 படத்தில் எட்டில் ஒரு பங்கு. 1600 ஐ.எஸ்.ஓ.வில் (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 16 படம் எடுத்துச் சராசரி போட்டால், கிட்டத்தட்ட 100 ஐ.எஸ்.ஓ. ஒற்றைப் படத்தின் சுத்தம் வந்துவிடும். 64-க்கு மேல் போவதில் லாபம் குறைவு, வேலைதான் அதிகம்.

ஃபேஸ் ஒன் ஐ.க்யூ.4 பேக்கில் (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பகுதி) இந்த வசதி 2019-இல் ஃபர்ம்வேர் மூலம் வந்தது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஓடி, எல்லாவற்றையும் உள்ளேயே கலந்து ஒரே ரா ஃபைலாக (சென்சார் பதிந்த விவரம் அப்படியே உள்ள ஃபைல்) கொடுத்துவிடும். கார்டும் நிறையாது, கம்ப்யூட்டரும் திணறாது. வசதிதான், மறுக்கவில்லை.

ஜி.எஃப்.எக்ஸ்., ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை வைத்திருப்பவர்கள் இன்டர்வல் டைமரிலோ, கன்டினியூவஸ் மோடில் ரிமோட்டைப் பூட்டி வைத்தோ தனித்தனிப் படங்களாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் சராசரி போடலாம். மல்டிபிள் எக்ஸ்போஷர் மெனுவில் ஆவரேஜ் என்று ஒரு தேர்வு இருந்தால் உடனே அதை நம்பிவிடாதீர்கள். கலந்து வரும் ஃபைல் ஜேபெக் என்றால், இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த ஷேடோ விவரம் 8 பிட்டில் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கரைக்குத் தனித்தனிப் படங்களாக எடுப்பதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. காற்றடிக்கும் இடத்தில் 64 படத்தில் ஐந்தாறு ஆடிப்போகும். கேமரா உள்ளேயே கலந்துவிட்டால் அந்த ஐந்தாறும் மொத்தப் படத்தையும் மங்கவைக்கும், பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. தனியாக இருந்தால் ஆடியதைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கலக்கலாம். ஐ.க்யூ.4 வைத்திருப்பவர்கள்கூட ஆடி மாதத்துத் தனுஷ்கோடியில் இந்த வழிக்கு வரலாம்.

கேள்வி: கடற்கரை வெயிலில் லைவ் வியூ திரையே தெரிவதில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டபின் பார்த்தால் ஒரே புள்ளிப் புள்ளியாக இருக்கிறது. ஃபோகஸ் சரியா என்று எப்படி உறுதி செய்வது? — கீழக்கரை வாசகி

முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபோகஸ் வைக்கும்போது லென்ஸுக்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. 6 ஸ்டாப், 10 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) ஃபில்டருக்குப் பின்னால் லைவ் வியூ தன் சிக்னலை ஏற்றி ஏற்றிக் காட்டுகிறது. நீங்கள் பார்க்கும் புள்ளிகள் அந்த ஏற்றத்தின் நாய்ஸ். கல் விளிம்பா நாய்ஸா என்று அதில் பிரித்தறிய முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். எக்ஸ்போஷர் சிமுலேஷனை (எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தையே திரையில் காட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வையுங்கள். தலையோடு சேர்த்துக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள், அல்லது திரைமேல் வைக்கிற லூப் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஃப்.எக்ஸ்., ஹாசல்பிளாட் எக்ஸ்2டி போன்றவற்றில் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருப்பதால் அந்தக் கவலையே இல்லை. பிறகு 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, படத்தில் எது கூர்மையாக வேண்டுமோ அதன் மேல் கட்டத்தை வையுங்கள். தொடுவானத்தின் மேல் வைக்காதீர்கள். கடலும் வானமும் சேரும் கோட்டில் காலைப் பனிமூட்டம் இருந்தால் அங்கே விளிம்பு என்று ஒன்று இருக்காது. கல், கம்பம், கட்டிய படகின் பெயர் எழுத்து, இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

எந்த அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித் திறப்பு) எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸைச் சரிபாருங்கள். சில லென்ஸ்களில் முழுக்கத் திறந்து ஃபோகஸ் வைத்துவிட்டு எஃப் 11-க்கு மூடினால் ஃபோகஸ் சற்றே பின்னுக்கு நகரும். 24 மெகாபிக்ஸலில் கண்ணுக்குப் படாதது 100 மெகாபிக்ஸலில் நன்றாகத் தெரியும். சரிபார்த்தபின் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு, வளையத்தைத் தொடாமல் ஃபில்டரைப் போடுங்கள். திருகி மாட்டும் ஃபில்டர் சில சமயம் வளையத்தையும் சேர்த்துத் திருப்பிவிடும். காந்தத்தில் ஒட்டுவது அல்லது சட்டத்தில் சொருகுவது மேல்.

எஃப் 16, எஃப் 22 என்று மூடிக்கொண்டே போகாதீர்கள். இந்த 100 மெகாபிக்ஸல் சென்சார்களில் பிக்ஸல் அகலம் 3.76 மைக்ரான். எஃப் 11-ஐத் தாண்டினால் டிஃப்ராக்ஷனால் (சின்னத் திறப்பில் ஒளி விரிந்து பரவுவது) கூர்மை கரையத் தொடங்கும். ஷட்டர் நேரத்தைக் கூட்டுவதற்காக அப்பர்ச்சரை மூடும் பழைய வழக்கத்திலிருந்து விடுபடவே ஆவரேஜிங் உதவுகிறது.

கேள்வி: அரிச்சல்முனையில் 1/60 நொடியில் 32 படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கூர்மை. சராசரி போட்டதும் மொத்தமும் மங்கல். ட்ரைபாட் கனமானதுதான். என்ன தவறு? — ராமேஸ்வரம் வாசகர்

ட்ரைபாட் கனமாக இருந்ததுதான் காரணமாக இருக்கலாம். ஈர மணலில் கனமான ட்ரைபாட் மெல்ல மெல்ல இறங்கும். அலை வந்து திரும்பும்போது காலைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். கால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்களுக்கு இடையே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும்போது ஒரு கால் 1 மில்லிமீட்டர் இறங்கினால் கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு ரேடியன் சாய்கிறது. 110 மி.மீ. லென்ஸில் அது சென்சார்மேல் 0.11 மி.மீ., அதாவது ஏறக்குறைய 30 பிக்ஸல். ஒவ்வொரு படமும் 1/60 நொடியில் எடுத்ததால் தனியாகக் கூர்மை. 32 படமும் 30 பிக்ஸல் தூரத்துக்குப் பரவிக் கிடப்பதால் சேர்ந்தால் மங்கல்.

அலை எட்டும் இடத்தில் நிறுத்தாமல் இருப்பது முதல் பாதுகாப்பு. அங்குதான் நிறுத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சாண் அகலத்தில் மரப்பலகைத் துண்டோ, தரை ஓட்டின் துண்டோ வையுங்கள். உலர்ந்த மணலில் பலகை வேண்டாம். காலை ஆட்டி ஆட்டி, இனி இறங்காது என்கிற வரை அழுத்துங்கள். அடிக்கட்டத்தைக் கொஞ்சமாவது நீட்டியே வையுங்கள். மேல் பூட்டுக்குள் மணல் போனால் வீட்டுக்கு வந்தபின் அதைத் திறக்கவே முடியாது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

நிறுத்தியபின் இரண்டு மூன்று நிமிடம் கேமராவைத் தொடாமல் லைவ் வியூவில் பாருங்கள். லைவ் வியூவின் மிகப் பெரிய பயன் ஃபோகஸைவிட இதுதான் என்போம். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அசையாத ஒரு விளிம்பைப் பிடியுங்கள். அரிச்சல்முனையில் சாலை முடியும் வட்டத்தில் அசோகத் தூண் இருக்கிறது. கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் அதன் விளிம்பு போதும். திரையின் கட்டக்கோடு ஒன்றோடு அந்த விளிம்பைச் சேர்த்து வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். மெதுவாக ஒரே திசையில் நகர்ந்திருந்தால் கால் இறங்குகிறது. நகராமல் நடுங்கினால் அது காற்று. இரண்டுக்கும் மருந்து வேறு.

காற்றுக்கு: கேமரா பட்டையைக் கழற்றுங்கள், அது படபடக்கும். லென்ஸ் ஹுட்டையும் எடுத்துவிட்டு, வெயில் படாமல் கையால் மறையுங்கள். பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி மணலைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் பை ஆடி ட்ரைபாடையும் ஆட்டும். கேமராவின் ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். காற்று வரும் பக்கம் நீங்களே நில்லுங்கள்.

பருவம் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுப்பது இதையெல்லாம்விடப் பலன் தரும். தனுஷ்கோடியில் சாலைக்கு இரு பக்கமும் கடல் இருப்பது இதற்கு வசதி. தென்மேற்குப் பருவத்தில், கச்சான் காற்று வீசும் மாதங்களில், மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். பாக் நீரிணைப் பக்கம், அங்கே பெண் கடல் என்று சொல்வார்களே அது, குளம்போலக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை எழுந்தால் நிலைமை மாறிவிடும்.

நீங்கள் எடுத்த 32 படத்தையும் அழித்துவிடாதீர்கள். தனிப்படங்கள் கூர்மையாக இருப்பதால் ஃபோட்டோஷாப்பில் நேராக்கிச் சேர்க்கலாம். ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான். ஆனால் படத்தில் கடலும் வானமும் மட்டும் இருந்தால் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள நிலையான பொருள் இருக்காது. அலையைப் பார்த்து நேராக்க முயன்று குழப்பிவிடும்.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த படத்தில் கடல் பட்டுப்போல வரவில்லை. மணலைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். நங்கூரமிட்ட படகுகளும் நான்கைந்தாகத் தெரிகின்றன. — மண்டபம் வாசகர்

உங்கள் தனிப்படத்தின் ஷட்டர் நேரம் 1/125 என்று எழுதியிருக்கிறீர்கள். இடைவெளி 1 நொடி, மொத்தம் 16 படம். அதாவது 16 நொடி கடலைப் பார்த்தும், உண்மையில் பதிவானது எட்டில் ஒரு நொடிக்கும் சற்றுக் கூடுதல் நேரம் மட்டுமே. அலைமுகட்டில் வெயில் மின்னுவது ஒரு கணம்தான். ஒவ்வொரு படமும் அந்த மின்னலை உறையவைத்துவிடும்; 16 உறைந்த கடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இந்தப் புள்ளிகள்தான் வரும்.

தனிப்பட நேரத்தை நீட்டுங்கள், இடைவெளியைக் குறையுங்கள். என்.டி. ஃபில்டரை அடியோடு விட்டுவிடலாம் என்று ஆவரேஜிங் பற்றிப் பலர் சொல்கிறார்கள். கடலுக்கு அது பொருந்தாது. சூரியன் உதித்து அரை மணி நேரம் ஆனபின் 100 ஐ.எஸ்.ஓ., எஃப் 11-இல் ஷட்டர் நேரம் 1/30 அளவில் வரும். 3 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 1/4 நொடி, 6 ஸ்டாப் போட்டால் 2 நொடி. அந்த 2 நொடியில் 16 படம் எடுத்தால் 32 நொடிக் கடல் கிடைக்கும். படங்களுக்கு நடுவே கேமரா எழுதிக்கொள்ளும் சின்ன இடைவெளி தெரியவே தெரியாது. 10 ஸ்டாப் ஃபில்டரின் நிறக் கோளாறும் இல்லை. ஃபில்டரே இல்லாமல் 1/30-இல் எடுப்பதென்றால் இருநூறு படமாவது வேண்டும்.

இன்டர்வல் டைமரில் வைக்கும் எண், ஒரு படத்தின் ஆரம்பத்திலிருந்து அடுத்த படத்தின் ஆரம்பம் வரை உள்ள நேரம். 2 நொடி எக்ஸ்போஷருக்கு 2 நொடி இடைவெளி வைத்தால் ஒன்று விட்டு ஒன்று தவறிப்போகும். 3 நொடி வையுங்கள்.

புள்ளிகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஹைலைட் வெடித்திருக்கும், அதாவது மிக வெளிச்சமான இடம் விவரமே இல்லாத வெள்ளையாகியிருக்கும். வெடித்துப்போன பிக்ஸலைச் சராசரி மீட்டுத் தராது. ஒரு படத்தில் வெடித்து மறு படத்தில் வெடிக்காத இடம் அழுக்கு வெள்ளையாக, சில சமயம் இளஞ்சிவப்பாக நிற்கும். ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் மின்னலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு ஸ்டாப் குறைத்தே எடுங்கள். ஷேடோவை எவ்வளவு தூக்கினாலும் தாங்கும். 16 படத்தின் சுத்தம் அதற்குத்தானே.

படகுகள் வேறு கதை. ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் விசைப்படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சுற்றிக்கொண்டே இருக்கும், எந்த முறையிலும் அது நிற்காது. கடலுக்கான 16 படத்தை முடித்த கையோடு, ஃபில்டரைக் கழற்றி 1/250-இல் படகுக்கென்று ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் படகை மட்டும் அதிலிருந்து மாஸ்க் போட்டு (வேண்டாத பகுதியை மறைத்து) எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க்கோடு சேரும் இடத்தில் மாஸ்க்கின் ஓரத்தை மிருதுவாக்கினால் ஒட்டு தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடக்கும், ஆட்டமும் குறைவு. கரையில் ஏற்றி வைத்த வல்லங்களை எடுப்பது அதைவிடச் சுலபம்.

கேள்வி: பழைய ஃபேஸ் ஒன் பி45 பிளஸ் பேக் ஒன்று விலைக்கு வருகிறது. லைவ் வியூ உண்டா? — பரமக்குடி வாசகர்

அது சி.சி.டி. என்ற பழைய வகைச் சென்சார். பேக்கின் திரையில் நீங்கள் எதிர்பார்க்கும் லைவ் வியூ கிடையாது. மீடியம் ஃபார்மட்டில் உருப்படியான லைவ் வியூ வந்தது 2014-இல், சீமாஸ் சென்சார் போட்ட ஐ.க்யூ.250 தொடங்கி. பழைய பேக்கில் கிரவுண்ட் கிளாஸில் (காட்சி விழும் மங்கல் கண்ணாடி) ஃபோகஸ் வைத்து, படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்த வேண்டும். நிறம் அருமையாக இருக்கும். கடற்கரையில் ஆவரேஜிங் செய்வதுதான் நோக்கம் என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: தேவிபட்டினம் நவபாஷாணத்தில் நீரைப் பட்டாக்கி, நடமாடும் மக்களை மறைய வைக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் மீன் (Mean), மீடியன் (Median) என்று இரண்டு இருக்கிறதே, எது? அதற்கு வழியும் சொல்லுங்கள். — திருவாடானை வாசகர்

இரண்டுமே வேண்டும், வேறு வேறு இடத்துக்கு. மீன் என்பது சராசரி: எல்லாப் படத்தையும் கூட்டி வகுப்பது. தண்ணீருக்கும் மேகத்துக்கும் அதுதான். ஆனால் 16 படத்தில் ஒன்றில் மட்டும் ஒருவர் குறுக்கே போயிருந்தால், அவர் பதினாறில் ஒரு பங்கு அழுத்தத்தில் மங்கலான நிழலாக நிற்பார். மீடியன் எல்லா மதிப்புகளையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்கும். பாதிக்கும் குறைவான படங்களில் வந்துபோனவர் சுவடே இல்லாமல் மறைவார். அதே மீடியனைத் தண்ணீர்மேல் போட்டால் மின்னல்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, உயிரற்ற சாம்பல் நிறத் தகடாக்கிவிடும்.

ஆகவே நடைபாதைக்கும் கரைக்கும் மீடியன், கற்களைச் சூழ்ந்த நீருக்கு மீன். நிற்பவர்கள் மறைய மாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பூஜைக்கு ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்பவர் மீடியனிலும் இருப்பார். அதனால் படங்களை அடுத்தடுத்து எடுக்காமல் 15, 20 நொடிக்கு ஒன்றாக, கூட்டம் நகர்கிற வேகத்துக்கு ஏற்ப எடுங்கள். தண்ணீருக்கான வரிசை தனி.

ரா ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ், ஒரே எக்ஸ்போஷர் திருத்தம் கொடுங்கள். நாய்ஸ் ரிடக்ஷனையும் ஷார்ப்பனிங்கையும் பூஜ்யத்தில் வையுங்கள். நாய்ஸைச் சராசரியே பார்த்துக்கொள்ளும். முன்கூட்டி மென்மையாக்கினால் நுண்விவரம் போகும். 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாக வெளியே எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஃபைல் மெனு, ஸ்கிரிப்ட்ஸ், லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக். எல்லா டிஃப்பையும் சேர்த்து, கீழே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். ட்ரைபாட் நகரவில்லை என்று தெரிந்தால் நேராக்கும் கட்டத்தில் டிக் வேண்டாம். பிறகு லேயர் மெனு, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ், ஸ்டாக் மோட். அங்கே மீன், மீடியன் இரண்டும் இருக்கும். இரண்டு வரிசையையும் தனித்தனி ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக்கி, தண்ணீர் வரிசைக்கு மீன், மற்றதற்கு மீடியன் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாஸ்க்கால் பிரித்துக்கொள்ளுங்கள்.

100 மெகாபிக்ஸல் 16 பிட் டிஃப் ஒன்று ஏறக்குறைய 600 எம்.பி.; 16 படம் என்றால் 10 ஜி.பி.யைத் தொடும். 16 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டர் திணறும். அப்போது நான்கு நான்காகச் சராசரி போட்டு, வரும் நான்கையும் மறுபடி சராசரி போடுங்கள். மீனுக்கு விடை மாறாது. மீடியனை இப்படித் துண்டு துண்டாகப் போட்டால் விடை மாறும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வேண்டாமென்றால் லேயர்களின் ஒபாசிட்டியை (அடர்த்தியை) அடியிலிருந்து 100, 50, 33, 25 சதவீதம் என்று கொடுத்துக்கொண்டே போனாலும் சராசரிதான். பத்து லேயருக்கு மேல் அந்த முழு எண்கள் துல்லியத்தைக் கெடுத்துவிடும். இலவசமாக வேண்டுமென்றால் நட்சத்திரப் படக்காரர்கள் பயன்படுத்தும் சிரில் மென்பொருள் இந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: சூரியோதயத்தை 3 நிமிடத்தில் 64 படம் எடுத்தேன். சூரியன் முட்டை வடிவில் வருகிறது. — தொண்டி வாசகர்

சூரியன் தன் அகலத்தைத் தானே கடக்க 2 நிமிடம் போதும். நீங்கள் 3 நிமிடம் எடுத்திருக்கிறீர்கள். சூரியன் படத்துக்குள் இருந்தால் மொத்த நேரம் 20 நொடிக்குள் முடியட்டும். இல்லையென்றால் வரிசையின் ஒரு படத்திலிருந்து சூரியனை மட்டும் மாஸ்க் போட்டு எடுங்கள். உதிக்கும் நேரத்தில் வெளிச்சம் வேகமாக ஏறுவதால், முதல் படத்துக்குச் சரியாக வைத்த எக்ஸ்போஷர் கடைசிப் படத்தில் வெடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று புதிய ரயில் பாலத்தை ஆவரேஜிங்கில் எடுக்கலாமா? — பாம்பன் வாசகர்

வேண்டாம். பேருந்தோ லாரியோ போகும்போது சாலைப் பாலம் அதிர்வதைக் காலால் உணரலாம். லைவ் வியூவில் 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் படமே குதிக்கும். வாகனம் போனபின்னும் சில நொடி அடங்காது. வண்டியை நிறுத்தி இடைஞ்சல் செய்வதும் சரியில்லை. கரையில் இறங்கித் திடமான தரையில் நில்லுங்கள்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி செங்குத்தாகத் தூக்கப்படும். தூக்கும் நேரத்தில் ஆவரேஜிங் ஆகாது. அந்தப் பகுதி பல படிகளாகத் தெரியும். ரயில் போகும்போதும் அப்படித்தான். பாலம் சும்மா இருக்கும்போது கடலுக்கான வரிசையை எடுத்து வைத்து, ரயில் வரும்போது 1/500-இல் தனிப்படம் எடுத்துச் சேர்ப்பதே வழி. இரண்டுக்கும் நடுவே ட்ரைபாடைத் தொடாமல் இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் போகாதீர்கள். வெப்ப அலையில் தூரத்து இரும்புச் சட்டங்கள் நெளியும், சராசரி அந்த நெளிவை நிரந்தர மங்கலாக்கிவிடும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். அங்கே இன்னும் முன்னதாக, காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: சராசரி போட்ட படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் முன்னைவிட அதிகமாகத் தெரிகின்றன. வானத்தில் வட்ட வட்டமாக மங்கல் திட்டுகளும் இருக்கின்றன. — ஏர்வாடி வாசகர்

புள்ளிகள் ஹாட் பிக்ஸல், அதாவது சென்சார் சூட்டில் தானே ஒளிரும் பிக்ஸல். லைவ் வியூ ஓடிக்கொண்டே இருந்தால் சென்சார் சூடாகும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். இவை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் சராசரி இவற்றைக் குறைக்காது. சுற்றியுள்ள நாய்ஸ் அடங்கியதால் முன்னைவிட எடுப்பாகத் தெரிகின்றன. ஃபோகஸ் முடிந்ததும் லைவ் வியூவை அணைத்து, வெள்ளைத் துணியால் கேமராவுக்கு நிழல் கொடுங்கள். வரிசை முடிந்த சூட்டோடு லென்ஸை மூடி, அதே ஷட்டர் நேரம், அதே ஐ.எஸ்.ஓ.வில் 16 இருட்டுப் படம் எடுத்து, அதன் சராசரியைக் கழித்தால் புள்ளிகள் போய்விடும். சிரிலில் இதற்கு நேரடி வழி இருக்கிறது. பேட்டரி இரண்டாவது ஒன்று கையில் இருக்கட்டும். லைவ் வியூ அதைக் குடித்துவிடும்.

திட்டுகள் உப்புத் துளி. கடற்காற்றில் வரும் சாரல் ஃபில்டர்மேல் படிந்து காய்கிறது. இதுவும் எல்லாப் படத்திலும் ஒரே இடம், ஆகவே சராசரிக்குப் பிடிபடாது. பத்துப் படத்துக்கு ஒருமுறை ஃபில்டரைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. ட்ரைபாட் கால்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து கிளம்பும்போது பையைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் உங்கள் கரையின் ஈரக்காற்றில் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும்.

கேள்வி: இரவில் அக்னி தீர்த்தக் கரையில் லைவ் வியூவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது. சென்சார் பழுதா? நட்சத்திரங்களை ஆவரேஜிங்கில் எடுக்கலாமா? — ராமேஸ்வரம் வாசகி

பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். சென்சார் வரி வரியாகப் படிப்பதால் அந்த மினுக்கல் பட்டையாகத் தெரிகிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்திலும் வரும். 1/100, 1/50 அல்லது அதைவிட நீண்ட நேரம் வையுங்கள். பட்டை ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுவதால் 16 படச் சராசரியில் பெருமளவு தானே கரைந்துவிடும்.

இருட்டில் ஃபோகஸுக்குத் தூரத்து வெள்ளை விளக்கு ஒன்றைப் பிடியுங்கள். டி.வி. கோபுரத்தின் சிவப்பு விளக்கு எல்லாப் பக்கமும் தெரியும் என்றாலும், சில லென்ஸ்களில் சிவப்பின் ஃபோகஸ் சற்றே தள்ளி விழும். கலங்கரை விளக்கம் சுழல்வதால் பெரிதாக்கிப் பார்க்க அவகாசம் தராது. கரையோரத் தெருவிளக்கு போதும். லைவ் வியூவில் அந்தப் புள்ளி மிகச் சிறிதாகும் இடமே சரியான ஃபோகஸ்.

நட்சத்திரத்துக்கு: 50 மி.மீ. லென்ஸில் இந்தச் சென்சார்மேல் நட்சத்திரம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்ஸல் நகரும். கேமரா உள்ளேயே கலந்தால் எல்லாம் கோடாகும், கோடுதான் வேண்டுமென்றால் நல்லது. புள்ளியாக வேண்டுமென்றால் 4, 5 நொடிப் படங்கள் தனித்தனியாக எடுத்து, சிரிலில் நட்சத்திரங்களை வைத்து நேராக்கிச் சராசரி போடுங்கள். அப்போது தரை நகர்ந்து மங்கும். அதே படங்களை நேராக்காமல் இன்னொரு சராசரி போட்டு, தொடுவானத்துக்குக் கீழே உள்ளதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிக்குள் மாலைக்குமேல் விடமாட்டார்கள் என்பதால் இந்த வேலைக்குத் தீவுக்குள்ளேயே ஊர் வெளிச்சம் குறைந்த கரையைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.